அம்மா கூழ் காய்ச்சிய வருடம்

போன வருடம் ஆடியில் எங்கள் ஊர் மாரியம்மனுக்குப் படையல் கூழ் காய்ச்சியவள் என் அம்மா. அன்று மத்தியானமே அவளுக்கு மாதவிலக்கு, எங்கள் பேச்சில் தூரம், வந்துவிட்டது. பத்து மாதமாக வராமல் இருந்தது, சாமியின் பானையை இறக்கி வைத்த கால் மணி நேரத்தில் வந்தது. இதை என்னிடம் சொல்ல அவளுக்கு ஐந்து மாதம் ஆனது. எங்கள் இருவரைத் தவிர இன்று வரை வேறு யாருக்கும் தெரியாது. ஆகவே இதில் வரும் பெயர்களை மாற்றியிருக்கிறேன். மாற்றினால் போதுமா என்று எனக்கு நிச்சயமில்லை.

அடி அண்ணாமலையிலிருந்து கிளை பிரியும் ரோட்டில் எங்கள் ஊர். அம்மாவை இங்கே கன்னியம்மாள் என்கிறேன். நாற்பத்தெட்டு வயது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமையலர். பத்தொன்பது வருடமாகக் காலை எட்டரைக்குப் போய் அரிசி களைந்து, சாம்பார் வைத்து, முட்டை உரித்து, மூன்று மணிக்கு அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வருகிறாள். அப்பா காசி ஆட்டோ ஓட்டுகிறார். நான் விலங்கியல் படித்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். இப்போது வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸ் எதிரே ஒரு கம்ப்யூட்டர் கடையில் மனு டைப் அடிக்கிறேன். பரீட்சை எழுதிக்கொண்டும் இருக்கிறேன்.

எங்கள் ஊரில் படையல் பானைக்கு ஒரு முறை உண்டு. ஊருக்கு ஊற்றுகிற கூழை யார் வேண்டுமானாலும் கிண்டலாம். ஆண்கள்கூட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அண்டாவில் துடுப்புப் போடுவார்கள். ஆனால் சாமி முன் வைக்கிற முதல் பானையைத் தூரம் நின்றுபோன பெண் ஒருத்திதான் காய்ச்ச வேண்டும். வெள்ளிக்கிழமை அவளுக்குக் காப்புக் கட்டுவார்கள். திங்கட்கிழமை காப்பு அவிழ்க்கும் வரை அவள் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. பதினாறு வருடம் தங்கம்மாள்தான் காய்ச்சினார். அவருக்கு மூட்டு தேய்ந்து உட்கார்ந்தால் எழ முடியாமல் போனபோது அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"ஏம்மா கன்னியம்மா, உனக்கு நின்னு எத்தினி நாளாச்சு?"

"பத்து மாசம் ஆவுது பெரியம்மா."

"அப்புறம் இன்னா? இந்த வருஷம் நீ கட்டிக்க."

அன்று சாயங்காலம் அம்மா வீட்டுக்குள் நடந்த நடையே வேறாக இருந்தது. ஊரில் பாதிப் பேருக்கு அவள் பெயர் தெரியாது, 'சத்துணவுக்காரம்மா' என்றுதான் சொல்வார்கள். முதல் தடவையாக ஒலிபெருக்கியில் 'திருமதி கன்னியம்மாள் காசி' என்று சொல்லப் போகிறார்கள். மஞ்சள் புடவை ஒன்றை எடுத்து என்னிடம் காட்டி, "ரொம்ப மஞ்சளா இருக்குதாடி?" என்று கேட்டாள். "சாமிக்கே டவுட் வந்துடும், யாரு அம்மன்னு" என்றேன். சிரித்தாள். கடைசியாக அவள் அப்படிச் சிரித்தது அன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது.

ஆடி மூன்றாம் ஞாயிறு, மத்தியானம். புதுப் பானையில் கேழ்வரகு மாவு கொதித்து அடங்கியது. அம்மா வேப்பிலை சுற்றிய பானையை இறக்கி சாமி முன் வைத்தாள். கற்பூரம் காட்டினார்கள். அப்போதுதான் கால் வழியே சூடாக ஏதோ இறங்கியதாம். அவள் நகரவில்லை. நகர வழியும் இல்லை. காப்புக் கட்டியவளின் கையால்தான் ஊருக்கு முதல் கூழ் ஊற்ற வேண்டும். தூக்குவாளி, சொம்பு, பிளாஸ்டிக் குடம் என்று வரிசை கோயில் வாசலைத் தாண்டி நின்றது. அந்த வரிசையில் நானும் நின்றேன். அவள் முகம் வேர்த்துச் சிவந்திருந்ததைப் பார்த்து, அடுப்புச் சூடு என்று நினைத்தேன். பக்கத்தில் யாரோ, "பாரு, அம்மன் முகத்துலயே வந்து உக்காந்துட்டா" என்றார்கள். அம்மா முந்தானையைப் பின்பக்கம் இழுத்துச் செருகிக்கொண்டு இருநூறு பேருக்குக் கூழ் ஊற்றினாள்.

திங்கட்கிழமை காப்பு அவிழ்த்த பிறகு அவள் கோயிலுக்குப் போகவில்லை.

எனக்கு இது எதுவும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மா மாறிவிட்டாள் என்பதுதான். வாசலுக்கு வந்ததும் மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் எங்கள் ஊரில் யாரும் தெருவில் இறங்குவார்கள். அம்மா குனிந்த தலையோடு இறங்கிப் போனாள். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தாள். சாப்பிடும்போது திடீரென்று கழுத்தெல்லாம் வேர்க்கும். எழுந்துபோய்த் தண்ணீர்த் தொட்டியருகே நிற்பாள். ஐந்து நிமிடத்தில் குளிர்கிறது என்று போர்த்திக்கொள்வாள். இரவில் தூக்கம் இல்லை. அப்பா, "மனுசன் தூங்கறதா வேணாமா? ஃபேனை அஞ்சுல வெச்சா என் காதெல்லாம் அடைச்சிக்குது" என்று கத்துவார். மெடிக்கல் கடையில் கேஸ் மாத்திரை வாங்கி வந்து கொடுத்தார். நெஞ்சு படபடவென்று அடிக்கிறது என்று அவள் சொன்னதற்குத்தான் அது.

புரட்டாசியில் பள்ளிக்கூடத்தில் இரண்டாவது படிக்கும் தேவிப்ரியாவுக்கு அம்மை போட்டது. பிறகு அவள் தங்கைக்கு. பிறகு பக்கத்துத் தெருவில் இரண்டு பேருக்கு. அம்மா தினமும் வேப்பிலை பறித்துக்கொண்டு போய் அந்தந்த வீட்டு வாசலில் வைத்துவிட்டு, உள்ளே எட்டிப் பார்க்காமல் திரும்பினாள். என்ன பாசம் என்று நினைத்தேன். தன் கையால் ஊற்றிய கூழைக் குடித்த பிள்ளைகளை அவள் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தாள்.

கார்த்திகை தீபத்தன்று ஊரே மாடியில் ஏறி மலை உச்சியைப் பார்த்தது. அம்மா சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். "வாம்மா, ஏத்திட்டாங்க" என்று கூப்பிட்டேன். "நீ பாரு. நான் பார்த்தா ஆவாது" என்றாள். ஏன் ஆகாது என்று நான் கேட்கவில்லை. போனில் தீபத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

மார்கழித் தொடக்கத்தில் எங்கள் கடைக்கு ஒரு கிராம சுகாதார நர்ஸ் வந்தார். நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு முகாம் நடத்துகிறார்களாம், ஒரு கேள்விப் படிவம் டைப் அடித்து எண்பது நகல் எடுக்க வேண்டும். அடித்தேன். திடீர் உடல் சூடு உண்டா. வியர்வை உண்டா. தூக்கமின்மை, படபடப்பு, மூட்டு வலி, காரணமில்லாத எரிச்சல் அல்லது அழுகை. மாதவிடாய் ஒழுங்கு தவறுகிறதா. அதிக இரத்தப்போக்கு உண்டா. கட்டங்களை நேராக்கினேன், வரிகளைச் சமன் செய்தேன். அறுபதாவது நகலோ என்னவோ, மெஷினிலிருந்து வெளியே வந்த தாளை எடுத்து அடுக்கும்போதுதான் அது அம்மாவைப் பற்றிய தாள் என்று புரிந்தது.

கல்லூரியில் ஈஸ்ட்ரோஜன் பற்றிப் பத்து மதிப்பெண் கேள்விக்கு ஒன்பது வாங்கியவள் நான். சினைப்பை சுரப்பதைக் குறைத்துக்கொள்வது பற்றிப் படம் போட்டு எழுதியிருக்கிறேன். அந்தப் படத்தில் முகம் இல்லை என்பது உண்மைதான். அதை ஒரு சாக்காகச் சொல்லலாமா என்று தெரியவில்லை.

கூட ஒரு நகல் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மாவிடம் நேராகக் கேட்டால் சொல்ல மாட்டாள். ஆனால் அரசாங்கப் படிவம் என்றால் பயபக்தியோடு பதில் சொல்வாள். பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"அம்மா, ஆபீஸ்ல கணக்கெடுப்பு. நாற்பது வயசுக்கு மேல இருக்கறவங்க எல்லாரும் பதில் சொல்லணும்."

"ரேஷன் கார்டு வேணுமா?"

"வேணாம். திடீர்னு ஒடம்பு சூடாவுதா?"

"ஆவுது."

"ஒரு நாளைக்கு எத்தினி தடவ?"

"எட்டு, பத்து. இதுக்கெல்லாம் சர்க்காருல இன்னாத்துக்குடி கணக்கு?"

"தூக்கம்?"

"உங்க அப்பன் கொறட்டை வுடறதுக்கு கட்டம் இருக்குதா, அதுல போடு."

நான் சிரித்தேன். மூட்டு வலிக்கு ஆமாம், படபடப்புக்கு ஆமாம். தலைசுற்றலுக்கு, "கொஞ்சம்." கடைசிக் கட்டத்துக்கு வந்தேன்.

"கடைசியா எப்போ தூரமான?"

 அம்மா என் கையிலிருந்த தாளையே பார்த்தாள். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"இப்போகூடத்தான் இருக்கறேன். இந்தத் தடவ பதினெட்டு நாளா நிக்கல. மொத மொதல்ல ஆடி மூணாம் ஞாயித்துக்கிழமை ஆரம்பிச்சுது."

தேதி கேட்ட கட்டத்தில் நான் எழுதப் போன பேனா அப்படியே நின்றது. அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கே நின்றோம் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். விட்டு விட்டு வருகிறது, வந்தால் கட்டி கட்டியாகப் போகிறது, பழைய புடவை ஆறு கிழித்தாயிற்று என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன்.

"இதுக்கு எதுக்கு ஆஸ்பத்திரி? அவ குடுத்தது. அவளே எடுத்தாத்தான் உண்டு."

"அம்மா, இது ஹார்மோன். இந்த வயசுல எல்லாருக்கும் வர்றது."

"எல்லாரும் கூழ் காய்ச்சறப்பவா வருது?"

 எதேச்சை என்பதற்கு அவளுக்குப் புரிகிற சொல் எது என்று தேடினேன். தேதி தற்செயலானது என்று அவளை நம்ப வைத்தாலும், தேவிப்ரியாவின் அம்மை? அது கிருமி என்றேன். "கிருமியை அனுப்பறது யாரு?" என்றாள். நான்கு நாள் இப்படியே போனது. பேசப் பேச அவள் இன்னும் உள்ளே போனாள். நான் கதவைத் தட்டுவதாக நினைத்துக்கொண்டு ஆணி அடித்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

ஐந்தாம் நாள் அம்மாவோடு வேலை செய்யும் உதவியாளர் அருணாதேவி அக்கா போன் செய்தார். "சினேகா, பயப்படாத. உங்கம்மா சாம்பார் அண்டாகிட்ட நிக்கறப்ப கண்ண இருட்டிக்கிச்சு. நான் புடிச்சி இழுத்துட்டேன். கரண்டிதான் விழுந்துச்சு. தட்டு வெச்சிக்கிட்டு முன்னாடி நின்ன புள்ள மேல ரெண்டு சொட்டுதான் தெறிச்சுது, ஒண்ணும் ஆவல." நான் போனபோது அம்மா அரிசி மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள். உதடு வெள்ளையாக இருந்தது. கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன். அங்கேயும் வெள்ளை.

அன்று சாயங்காலம் நான் சொன்னதைத்தான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வரலன்னா, நான் நேரா தங்கம்மாகிட்ட போயி எல்லாத்தையும் சொல்லிடுவேன்."

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். திட்டவில்லை. உள்ளே போய், பீரோவில் இருந்து ஆஸ்பத்திரிக்கு உடுத்த ஒரு புடவையை எடுத்து வெளியே வைத்தாள்.

அப்பாதான் ஆட்டோவில் கொண்டுபோய் விட்டார். வயிற்று வலி என்று சொல்லியிருந்தோம். "கேஸ்தான். நான் அப்பவே சொன்னேன், உருளைக்கிழங்க கம்மி பண்ணுன்னு" என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்.  ஆட்டோ மலையைச் சுற்றி வரும் ரோட்டில் போனது. அம்மா மலை இல்லாத பக்கமாகவே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பெரியாஸ்பத்திரி மகளிர் பிரிவில் ஒரு பெண் டாக்டர். அம்மா வாயிலிருந்து ஒவ்வொரு சொல்லாக வாங்கினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ இவங்க பொண்ணா? இன்னா படிச்சிருக்க?"

"பி.எஸ்சி. விலங்கியல் மேடம்."

"நல்லா படிச்ச போ. அம்மா வெளுத்துப் போயி நிக்கறாங்க, இத்தினி மாசம் பார்த்துக்கிட்டு இருந்திருக்க."

ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஏழு புள்ளி நான்குதான் இருந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பையின் உள்தோல் தடித்திருக்கிறது, அதில் துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள். அந்த முடிவு வர ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் அம்மா நிம்மதியாக இருந்தாள் என்றால் நம்ப முடிகிறதா? தண்டனை முழுசாக வந்துவிட்டால் கடன் தீர்ந்துவிடும் என்பது போல இருந்தாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. ஒன்பதாம் நாள், கெட்டது எதுவும் இல்லை என்று முடிவு வந்தது.

டாக்டர் அம்மாவுக்கு நிதானமாகச் சொன்னார்.

"பத்து மாசம் வரலன்னா நின்னுபோச்சுன்னு அர்த்தம் இல்லம்மா. நிக்கறதுக்கு முன்னாடி சில வருஷம் இப்படித்தான் தாறுமாறா இருக்கும். நாலு மாசம் வராது, அப்புறம் வரும். சூடு, வேர்வை, தூக்கம் இல்லாம போறது எல்லாம் அதோட சேந்தது. அதுக்கும் வழி இருக்கு. ஆனா இவ்ளோ ரத்தம் போறத வயசுன்னு வுட்டுடக் கூடாது. பன்னெண்டு மாசம் முழுசா ஒரு சொட்டுகூட இல்லாம போவணும். அப்பதான் நின்னுதுன்னு கணக்கு. அதுக்கப்புறம் ஒரு சொட்டு பட்டாலும் மறுநாளே இங்க வரணும்."

"டாக்டரம்மா, இது எதனால வருது?"

"வயசுனாலதான்."

"வேற எதனாலயும் வராதா?"

"வேற எதனால வரணும்?"

அம்மா கேட்டுவிடுவாள் என்று நினைத்தேன். வாய் திறந்தாள். வெளியே வரிசையில் நின்ற ஆட்களைப் பார்த்தாள். "ஒண்ணும் இல்லீங்க" என்று சீட்டை வாங்கிக்கொண்டாள்.

மாத்திரையில் ரத்தம் நின்றது. இரும்புச் சத்து ஊசியை நாலைந்து தடவை போய்ப் போட்டுக்கொண்டாள். உதட்டில் நிறம் வந்தது. சூடு முழுவதும் போகவில்லை, ஆனால் அது வரும்போது என்ன வருகிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பருத்திப் புடவை கட்டினாள், சாயங்காலத்துக்கு மேல் டீ குடிப்பதை விட்டாள். அப்பாவிடம் நான்தான் மெதுவாகச் சொன்னேன், கூழ் விஷயம் இல்லாமல்.  அன்று முதல் அவர் ஃபேனுக்கு நேர் கீழே அம்மாவின் பாயை விரித்துவிட்டு, "எனக்குச் சளி புடிச்சிருக்குது" என்று சுவரோரமாகப் படுத்துக்கொண்டார். ஆறு மாதமாக அவருக்குச் சளி.

காலண்டரில் ஒவ்வொரு மாதம் முடியும்போதும் அம்மா ஒரு சின்னக் குங்குமப் பொட்டு வைத்தாள். டாக்டர் சொன்னதைச் சரியாகச் செய்கிறாள் என்று எனக்குப் பெருமை.

இந்த வருடம் ஆனி கடைசியில் தங்கம்மாள் தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். அருணாதேவி அக்காவும் ஏதோ பாத்திரம் கேட்டு வந்திருந்தார். நான் உள்ளே காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"அடுத்த மாசம் காப்பு. புதுப் பானைக்குச் சொல்லிட்டேன். நீயே காய்ச்சிடு கன்னியம்மா. போன வருஷம் உன் கூழு அவ்ளோ பதமா இருந்துச்சுன்னு எல்லாம் சொல்லுதுங்க."

என் கத்தி நின்றது. அம்மா ஆமாம் என்றால் மறுபடி அதே பானைக்குள் போய் விழுவாள். முடியாது என்றால் காரணம் சொல்ல வேண்டும்.

"எனக்கு ஆவாது பெரியம்மா. இன்னும் முடியல. ஆறு மாசந்தான் ஆச்சு. பன்னெண்டு மாசம் ஆவணுமாம், டாக்டரம்மா சொன்னாங்க."

"போன வருஷம் நின்னுபோச்சுன்ன?"

"நின்ன மாதிரிதான் இருந்துச்சு."

"மறுபடி எப்ப வந்துச்சு?"

அம்மாவின் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. கழுத்தில் வேர்வை இறங்கியது.

"மார்கழியில" என்றாள்.

மார்கழியில் வந்ததும் உண்மைதான். தங்கம்மாள் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பி, "பன்னெண்டு மாசம்னு கணக்கு வெச்சா ஊருல யாரு தேறுவா? எங்க காலத்துல எவ எண்ணுனா?" என்று முணுமுணுத்தார். "அருணாதேவி, உனக்கு?"

"எனக்கு ஆறு மாசம் வரல ஆயா. நின்னுடுச்சுன்னுதான் நெனச்சிக்கிட்டு இருந்தேன்" என்ற அருணாதேவி அக்கா, குரலைத் தாழ்த்தி அம்மாவிடம், "அக்கா, எனக்கும் ராத்திரியில குபுகுபுன்னு சூடேறுது. அந்த டாக்டரம்மா எந்த ரூமு?" என்றார். அம்மா ரூம் நம்பர் சொன்னாள். எந்தக் கிழமை கூட்டம் கம்மி என்பதையும் சொன்னாள்.

எனக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. டாக்டர் சொன்ன கணக்கைக் கொண்டு அம்மா ஒரு பெண்ணை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டாள். அதே கணக்கைக் கொண்டு அந்தப் பானைக்கு இன்னும் ஒரு பூட்டும் போட்டுவிட்டாள். தூரம் என்றால் அழுக்கு இல்லை என்று நான் அவளிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அவள் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது பன்னிரண்டு என்ற எண்ணை மட்டும்.

இந்த ஆடியில் தங்கம்மாளே நாற்காலி போட்டு உட்கார்ந்து காய்ச்சினார். அம்மா தூக்குவாளியோடு வரிசையில் நின்றாள். ஒரு வருடம் கழித்து அன்றுதான் கோயில் வாசல் வரை வந்தாள். கூழை வாங்கிக்கொண்டு, உள்ளே போகாமல், என்னோடு திரும்பி நடந்தாள்.

வீட்டுக்கு வந்து கூழில் வெங்காயம் நறுக்கிப் போட்டோம். அம்மா காலண்டர் முன் நின்று பொட்டுகளை விரலால் தொட்டு எண்ணினாள்.

"மார்கழி வந்தா பன்னெண்டு ஆயிடும்."

"ஆயிட்டா, அடுத்த வருஷம் காய்ச்சுவியா?"

"பாக்கலாம்." என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "அன்னிக்குச் சொன்னியே, தங்கம்மாகிட்ட சொல்லிடுவேன்னு. சொல்லிட மாட்டியே?"

"சொல்ல மாட்டேன்மா."

"கோவம் வந்தாகூட?"

"வந்தாகூட."

தலையாட்டினாள். கூழை எனக்கு ஊற்றிக் கொடுத்தாள். முன்பெல்லாம் நான் அதிகம் பேசினால் தலையில் ஒரு குட்டு வைப்பாள். மார்கழியிலிருந்து என்னைக் குட்டியதே இல்லை. நான் கேட்பதற்கு முன்பே எனக்குப் பிடித்ததைச் சமைத்து வைக்கிறாள். மாதத்துக்கு ஒரு தடவை, பொட்டு வைக்கிற நாளில், அந்தக் கேள்வியை மறுபடி கேட்கிறாள். நானும் அதே பதிலைச் சொல்கிறேன்.